பெருங்குழலும் அதன் பேழையும்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அவற்றின் ஓசையைப் பற்றியும், அவற்றை இயக்கிய கலைஞர்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அக்கருவிகள் ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு எங்ஙனம் எடுத்துச் செல்லப்பட்டன என்பதை எழுதினோர் சிலரே. ஆயினும் நம் மொழி அதனை மறந்துவிடவில்லை. இன்று 'கலப்பை' என்றால் நம் நினைவுக்கு வருவது உழுபடை. சங்க நூல்களில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கலம் என்பது இசைக்கருவி. அதனை இட்டு வைக்கும் பை கலப்பை. அதியமானின் வாயிலில் காத்து நின்ற ஒளவையார் சினங்கொண்டு புறப்படுங்கால் தம் கலப்பையைக் கட்டிக்கொண்டார் என்று புறநானூறு கூறும். மலைபடுகடாத்தில் வரும் கூத்தர் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் ஆகியவற்றோடு யானை பெருமூச்செறிந்தாற்போல் ஒலிக்கும் நெடுந்தூம்பையும் பைகளில் இட்டுக் காவடியாகச் சுமந்து செல்கின்றனர். அப்பைகள் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப்போல் தோன்றினவாம்.

அக்கூட்டத்தில் குழலைச் சுமந்தவனைவிடத் தூம்பைச் சுமந்தவன் மிகுதியாகத் தொல்லையுற்றிருப்பான் என்பதில் ஐயமில்லை. துளைக்கருவிகளுக்கு இயற்கை விதித்த நியதி ஒன்று உண்டு. ஓசை தாழத் தாழக் குழாய் நீளவேண்டும். ஒரு சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்க வேண்டுமாயின் குழாயின் நீளம் ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். யாழின் நரம்பைத் தடிப்பாக்கியும் தளர்த்தியும் ஓசையைத் தாழ்த்தலாம். குழாயில் அடைபட்ட காற்றை அவ்வாறு செய்ய இயலாது. எனவே, ஆழ்ந்த குரலை விரும்பிய ஒவ்வொரு நாட்டினரும் நீண்ட குழாயைச் செய்தனர். அதனை எவ்வாறு எடுத்துச் செல்வது என்ற கேள்வியையும் உடன் எதிர்கொண்டனர். இக்கேள்விக்கு ஐரோப்பியர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிய விடையை 'பாசூன்' என்னும் பெருங்குழலின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் விழாக்களிலும் ஊர்வலங்களிலும் முழங்கியவை ஷாம் என்னும் இரட்டைச் சீவாளிக் குழல்கள். நம் நாகசுரத்தை அறிந்தவர்க்கு அவற்றை விளக்க வேண்டுவதில்லை. நாணலைச் சீவி அமைத்த இரு இதழ்கள், கூம்பாக விரியும் மரக்குழாய், கீழே மலர்ந்த வாய் என்று இரண்டும் ஒரு குடும்பத்து உறவினரைப் போன்றவை. அக்குழல்களில் சிறியது, நடுத்தரம், பெரியது எனப் பல அளவுகள் இருந்தன. எல்லாவற்றினும் தாழ்ந்து ஒலித்த பெரிய குழலைச் செருமானியர் பொம்மர் என்றனர். இசையறிஞர் மிக்கேல் பிரிட்டோரியஸ் 1619-இல் வெளியிட்ட நூலில் அக்காலக் கருவிகளை அளவுகோலுடன் கூடிய படங்களால் விளக்கினார். அவர் காட்டும் மிகப் பெரிய பொம்மர் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ளது. அதாவது, நெடிய மனிதன் ஒருவனைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல். நேராக நிற்கும் இத்தகைய குழலுக்கு உறை தைப்பது எளிது. ஆனால் உறையிட்டதனால் மட்டும் அது வண்டியில் அடங்கிவிடாது, வளைந்த மாடிப்படியில் ஏறிவிடாது.

இவ்விடர்ப்பாட்டுக்கு முதல் விடையைத் தந்தோர் யாவர் என்பதற்குப் பெயர் எஞ்சவில்லை. ஆனால் அவர்தம் உத்தி எஞ்சியுள்ளது. ஒரே மரக்கட்டையில் அருகருகே இரண்டு துளைகளை நீளவாக்கில் குடைந்து, அடியில் அவற்றை ஒன்றாக இணைத்தனர். காற்று ஒரு துளை வழியே இறங்கி, அடியில் திரும்பி, மறு துளை வழியே மேலேறிற்று. நீண்ட குழாய் இவ்வாறு இரண்டாக மடிந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள கட்டைக்குள் அடங்கிவிட்டது. இதுவே டல்சியன் என்னும் கருவி. பதினாறாம் நூற்றாண்டிலேயே அது ஐரோப்பாவில் பரவலாயிற்று.

ஒரு பொருளுக்கு மக்கள் வழங்கும் பெயர் அப்பொருளில் அவர்கள் முதலில் கண்ட சிறப்பைக் காட்டும். ஆங்கிலேயர் இக்கருவியைக் கர்ட்டல் என்று அழைத்தனர். குட்டையாக்கப்பட்டது என்பது அச்சொல்லின் கருத்து. இத்தாலியர் பகோட்டோ என்றனர். அவர்தம் மொழியில் அதற்குக் கட்டு அல்லது மூட்டை என்று பொருள். செருமானிய மொழியில் பாசூனுக்கு வழங்கும் பெயரும் அதனையொட்டியதே. இனிய ஓசையுடையது என்ற பொருளில் எழுந்த டல்சியன் என்னும் பெயர் ஒருபுறம் இருக்க, மற்ற இரு பெயர்களும் இதன் குறுகிய வடிவையும் கட்டுப்போன்ற தோற்றத்தையுமே சுட்டுகின்றன. அக்காலத்தவர் வியந்தது ஓசையை மட்டுமன்று. அவ்வோசை இவ்வளவு சிறிய உருவில் அடங்கியதையும் வியந்தனர்.

பெயரொற்றுமையால் எழுந்த தவறான செய்தி ஒன்றும் உண்டு. இத்தாலியில் பெராரா நகரத்துப் பாதிரியார் அப்ரானியோ என்பவர் 'பகோட்டம்' என்ற கருவியைச் செய்தார். அது 1539-இல் வெளியான நூலொன்றில் விளக்கப்பட்டது. பாசூனைக் கண்டுபிடித்தவர் அவரே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆனால் அவருடையது துருத்தியால் காற்றூட்டப்பெற்ற, பைக்குழல் இனத்தைச் சேர்ந்த கருவி. பெயர் ஒன்றாயினும் குலம் வேறு என்பதைப் பிற்கால ஆய்வாளர் தெளிவுபடுத்தினர்.

டல்சியனுக்கும் குறைகள் இருந்தன. ஒரு மீட்டர் நீளமுள்ள கட்டையில் மெல்ல மெல்ல விரியும் துளையைக் கோணாமல் குடைவது கடினம். ஓரிடத்தில் விரிசல் கண்டால் முழுக் கருவியும் பயனற்றதாகும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கருவி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. பிரான்சு நாட்டில் ஓத்தேத்தேர் குடும்பத்தைச் சேர்ந்த கருவியாளர்க்கு இம்மாற்றத்தில் பெரும்பங்கு உண்டு என்பது பலர் கொள்கை. அன்று முதல் பாசூன் நான்கு மரத்துண்டுகளாலும் ஓர் உலோக வளைகுழலாலும் ஆயது. சீவாளியைத் தாங்கும் வளைகுழல், அதனை ஏற்கும் சிறகுத் துண்டு, இரு துளைகள் கொண்ட அடித்துண்டு, நீண்ட துண்டு, மலர்வாய்த் துண்டு என்பன அதன் உறுப்புகள். ஒன்றன் கழுத்து மற்றொன்றன் குழியில் பொருந்தும். காற்றுக் கசியாதபடி அக்கழுத்தில் நூலோ தக்கையோ சுற்றப்படும்.

இவ்வாறு பிரித்தமையால் விளைந்த நன்மைகள் இரண்டு. சிறு துண்டில் துளையைத் துல்லியமாகக் குடைய முடிந்தது; இது கருவியாளர்க்குக் கிடைத்த நன்மை. பழுதுற்ற துண்டை மட்டும் மாற்றவும், எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கமாக அடுக்கி எடுத்துச் செல்லவும் முடிந்தது. இது கலைஞனுக்குக் கிடைத்த நன்மை. இரண்டரை மீட்டர் நீளக் காற்றுக்குழாய் கைப்பெட்டிக்குள் அடங்கும் வழி அன்றுதான் பிறந்தது.

அவ்வழி காலத்துக்கு ஏற்றதாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாசூன் அரங்கில் மட்டுமின்றிப் படைகளோடும் நடந்தது. 1762-இல் பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்கெனச் செருமானிய மண்ணில் அமைக்கப்பெற்ற இசைக்குழுவில் இரண்டு பாசூன்கள் இடம்பெற்றன. மழையிலும் சேற்றிலும் நாள்தோறும் இடம்பெயரும் பாசறையில், பிரித்து அடுக்கத்தக்க கருவிக்கே வாழ்வுண்டு. பிரிக்க இயன்றும் அளவால் இடருற்ற கருவியைக் காண வேண்டுமாயின் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் செல்லவேண்டும். லண்டனில் வாழ்ந்த இளைய ஸ்டேன்ஸ்பி 1739-இல் செய்த பெரும் பாசூன் ஒன்று அங்குள்ள தேசியக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. பாசூனைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் அக்கருவியின் உயரம் ஏறத்தாழ 8 அடி. வடிவில் அது பாசூனின் பேருருவேயாகும். 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நிகழ்ந்த ஹேண்டல் நினைவு விழாவில் இத்தகைய பெரும் பாசூன் காண்போர் கண்ணைக் கவர்ந்தது. எனினும் அன்றாட இசையில் அது வேரூன்றவில்லை. ஹைடனும் பீத்தோவனும் தம் படைப்புகளில் பெரும் பாசூனுக்கு இடமளித்த பின்னரும், எல்லா அரங்குகளுக்கும் எளிதில் செல்லத்தக்க வடிவை அது பெறுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர்க் குழாய் பல மடிப்புகளாக மடிக்கப்பெற்று, மனித உயரத்துக்குக் கீழே இறங்கிற்று.

உறையின் வரலாற்றில் பெருந்திருப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. பழைய பாசூனில் சாவிகள் சிலவே. ஏனைய துளைகளை விரல்களே மூடின. அத்தகைய கருவியைத் துணியில் சுற்றித் தோற்பையில் இட்டாலும் பெருந்தீங்கில்லை. கார்ல் அல்மென்ரேடர் என்னும் பாசூன் கலைஞர் துளைகளின் இடத்தைத் திருத்தி, சாவிகளை ஏறத்தாழ பதினேழாகப் பெருக்கினார். 1831-இல் அவரும் ஜே. ஏ. ஹெக்கெலும் கூட்டாக ரைன் நதிக்கரையில் பீப்ரிக் என்ற ஊரில் தொழிற்கூடம் அமைத்தனர். ஹெக்கெலும் அவர் வழியினரும் அக்கருவியை மேன்மேலும் திருத்தினர். சுரம் சீராயிற்று, ஆனால் மரத்தின் மேல் நீண்ட உலோகக் கம்பிகளும் நெம்புகோல்களும் படர்ந்தன. ஒரு கம்பி நூலளவு வளைந்தாலும் சாவி துளையைச் சரிவர மூடாது. ஓரிடத்தில் காற்றுக் கசிந்தால் கீழ்ச்சுரங்கள் பிறவா. பை போதாது, பெட்டி வேண்டும் என்ற நிலை இவ்வாறு வந்தது.

அப்பெட்டியும் வெறும் பெட்டியாக இருத்தல் ஆகாது. ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் வடிவில் குழிந்த படுக்கை வேண்டும். அப்படுக்கை சாவிகளைத் தாங்காமல் மரத்தையே தாங்குதல் வேண்டும். மூடியை அழுத்தும்போது பாரம் சாவியின் மேல் விழுமாயின், பாதுகாக்க வந்த பெட்டியே கருவியைக் கெடுக்கும். மெல்லிய வளைகுழலுக்கும் சீவாளிகளுக்கும் தனியறை வேண்டும். வெளியே தோலால் போர்த்திய மரம், உள்ளே வெல்வெட்டு விரிப்பு, பித்தளைப் பூட்டு என அமைந்த அக்காலப் பெட்டிகளை நகைப்பேழை என்று மயங்கினும் தவறில்லை.

வெளியிலிருந்து வரும் மோதலைப் பெட்டி தடுக்கும். உள்ளேயே இருக்கும் பகை ஈரம். வாசிப்பவரின் மூச்சு குழாயினுள் நீராகப் படியும். சீவாளிக்கு அருகிலுள்ள சிறகுத் துண்டிலும் அடித்துண்டின் ஒரு துளையிலும் அது மிகுதியாகத் தேங்கும். பாசூனுக்கு மேற்கே பெரும்பாலும் பயன்படும் மேப்பிள் மரம் கருங்காலி போன்ற வன்மரமன்று, ஈரத்தால் உளுத்துப்போகும். இதனைத் தடுக்கவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிகளின் உட்புறத்தில் கெட்டி ரப்பரால் பூச்சு அமைக்கும் முறை வந்தது. ஆயினும், வாசித்து முடித்தவுடன் துடைக்காமல் மூடிவைத்தால் எவ்வளவு உயர்ந்த பெட்டியும் பூஞ்சைக்கு இல்லமாகும். இறுக மூடும் பெட்டி வெளியீரத்தை விலக்கும். உள்ளீரத்தைச் சிறையிலும் வைக்கும். பெட்டி செய்வோர் காற்றுக்கு வழிவிடுவதா, அதனை அடைப்பதா என்று தயங்குவதன் காரணம் இதுவே.

மரத்தின் இயல்பு ஒன்றையும் இங்குக் கருதவேண்டும். ஈரத்தை ஏற்கும்போதும் இழக்கும்போதும் மரம் எத்திசையிலும் ஒரே அளவாக விரிந்து சுருங்குவதில்லை. நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது, குறுக்கே அதிகம், குறுக்கிலும் ஆண்டு வளையத்தையொட்டிய திசையில் பின்னும் அதிகம். ஆகவே வட்டமாகக் குடைந்த துளை பருவம் மாறுகையில் சற்றே நீள்வட்டமாகும். கடற்கரை நகரின் ஈரக்காற்றில் பழகிய கருவியைத் தில்லியின் கோடைக்குக் கொண்டுவந்தால் துண்டுகளின் பூட்டுகள் தளர்வதும், எதிர்த்திசையில் எடுத்துச் சென்றால் அவை இறுகிப் பிரிக்க இயலாமற்போவதும் இதனாலேயாம். மாற்றம் திடீரென நிகழுமாயின் விரிசலே விளையும். பெட்டி இம்மாற்றத்தை முற்றிலும் நிறுத்திவிட முடியாது. அதனை மெதுவாக்க முடியும். மரம் பிழைப்பதற்கு அம்மெதுவே போதும்.

இருபதாம் நூற்றாண்டு புதிய பொருள்களைத் தந்தது. தேக்கும் தோலும் இருந்த இடத்தில் ஒட்டுப்பலகை வந்தது. பின்னர்க் கண்ணாடியிழையும், நுரைப் பிளாஸ்டிக்கும், இறுதியில் கார்பன் இழையும் வந்தன. இன்று பெட்டி தேர்ந்தெடுக்கும் கலைஞன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் பொருளைப் பற்றியன அல்ல, பயணத்தைப் பற்றியனவே. தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவனுக்குப் பெட்டியின் எடையே முதற்கவலை. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கருவியை அதனினும் கனத்த பெட்டியில் இட்டால், காப்பு மிகுதியாலேயே கை சோர்ந்து பெட்டி நழுவும். பிறர் கையில் ஒப்படைத்து லாரியிலோ ரயிலிலோ அனுப்புபவனுக்கு எடை பெரிதன்று. உறுதியான புறப்பெட்டி வேண்டும். அவன் கருவிப்பெட்டியை மற்றொரு பெரிய பெட்டிக்குள் மெத்தையிட்டு வைப்பதே அறிவுடைமை. நீண்ட நாள் ஓரிடத்தில் வைத்திருப்பவனுக்கோ தட்பவெப்பமே பொருட்டு. எல்லாப் பயணத்துக்கும் ஏற்ற பெட்டி என்பது எந்த நோய்க்கும் ஏற்ற மருந்து என்பதைப் போன்றது.

வானூர்திப் பயணம் மற்றொரு நிபந்தனையைக் கொணர்ந்தது. பயணி தன்னோடு வைத்துக்கொள்ளும் கைப்பெட்டிக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வழிகாட்டியாகக் கூறிய அளவு 56 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 25 கனம். பாசூனின் நீண்ட துண்டு பெரும்பாலும் இந்நீளத்தைக் கடந்துவிடும். ஆகவே கருவியாளர் அத்துண்டையும் இரண்டாகப் பிரித்து, பெட்டியை அலுவலர் கைப்பை அளவுக்குக் குறுக்கினர். 'கனவான் பாணி' என்ற பொருள்படும் பெயரால் அவ்வமைப்பை அழைப்பர். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய பிரிவினை இங்ஙனம் நம் காலத்திலும் தொடர்கின்றது. சட்டமும் கலைஞருக்குத் துணை வந்தது. 2012-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், இடம் இருக்குமாயின் சிறிய இசைக்கருவிகளைப் பயணியர் பகுதியிலேயே எடுத்துச் செல்ல விமான நிறுவனங்கள் இசைய வேண்டும் என்று விதித்தது. பெரும் பாசூனுக்கு இச்சலுகை எட்டாது. அது பெரும்பாலும் சரக்கறையில்தான் பயணம் செய்யவேண்டும்.

பெட்டி காக்க இயலாத இடர் ஒன்றும் உண்டு. அது நாட்டெல்லையில் காத்திருக்கும். பழைய செருமானியப் பாசூன்களின் மலர்வாயில் யானைத்தந்த வளையம் பதிப்பது வழக்கம். பிரெஞ்சு முறைப் பாசூன்கள் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களால் ஆனவை. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1975-இல் செயலுக்கு வந்தது. நூறாண்டுக்கு முன் செய்த கருவியின் வளையமும் அதன் பார்வைக்குத் தப்பவில்லை. 2013-இல் பாங்காக்கில் கூடிய உறுப்பு நாடுகள் இசைக்கருவிகளுக்கெனத் தனிச் சான்றிதழ் முறையை ஏற்றன. 2017-இல் ஈட்டி மரத்தின் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. யானையைக் காப்பதும் அறம். கலைஞனின் பிழைப்பைக் காப்பதும் அறம். பெட்டிக்குள் கருவியோடு ஒரு தாளையும் வைத்துக்கொள்ளுதல் இரண்டுக்கும் இடையே காணப்பட்ட சமரசம்.

இனி நம் பெருங்குழலாகிய நாகசுரத்தையும் ஒரு சொல்லால் நினைவுகூர்தல் தகும். ஆச்சா மரத்தால் ஆன அதன் உலவு ஒரே நீண்ட துண்டு. அடியிலுள்ள அணசும் மேலேயுள்ள கெண்டையும் சீவாளியுமே கழற்றத்தக்கவை. உயர்ந்த சுருதியுடைய திமிரியினின்று தாழ்ந்த சுருதியுடைய பாரிக்கு நம்மவர் மாறியபோது, டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) இசையால் பாரி பெருவழக்குப் பெற்றபோது, குழலும் நீண்டது. ஐரோப்பியர் செய்ததுபோல் அதனைத் துண்டாக்க நாம் முற்படவில்லை. விரலால் துளையைப் பாதி மூடியும், மூச்சைத் திருத்தியும் கமகம் இழைக்கும் கருவிக்குத் தடையற்ற ஒரே உடலே இயல்பாக அமைந்தது. சாவிகள் இன்மையால் துணியுறையே அதற்கு நெடுங்காலம் போதுமானதாயிருந்தது. ஆனால், கோயிலிலிருந்து கோயிலுக்கு நடந்த காலம் போய், கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் காலம் வந்தபின் துணியுறை போதாது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பெயருக்குக் காப்பு கிடைத்தது. அப்பெயர் தாங்கிய கருவிக்கு, அதன் நீளமும் அணசின் விரிவும் அறிந்து செய்த நல்ல பெட்டியும் வேண்டும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பொம்மரின் முழக்கம் மறைந்து பாசூனின் குரல் நிலைத்தமைக்கு இசைச்சுவை மாறியது முதற்காரணம் எனினும், சுமக்க எளிதாயிருந்தமையும் ஒரு காரணம். ஓர் ஓசை தலைமுறை கடந்து வாழ வேண்டுமாயின் அது ஊர் கடந்து செல்லவும் வேண்டும். கேட்பார் இருக்கும் இடத்துக்குச் செல்ல இயலாத கருவி காட்சிச்சாலையில் சென்று தங்கிவிடுகின்றது. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கருவிக்குப் பெயரிட்ட அவர்கள் அதன் பைக்கும் ஒரு பெயரிட்டு, அதனைப் பாட்டிலும் ஏற்றினர். மேடையில் ஒலிக்கும் குழலைப் பாராட்டும் நாம், மேடைக்குப் பின்னே திறந்து கிடக்கும் அதன் பெட்டியையும் ஒருமுறை நோக்குவோமாயின், அவ்வோசை நம்மை வந்தடைய எத்தனை தலைமுறையினர் சிந்தித்தனர் என்பது விளங்கும்.